ரோஸ்விதா சொல்லிக்கொடுத்த பதில்

ரோஸ்விதா பிட்ஸருக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள், படிக்கட்டைத் துடைப்பாள். அவள் இரண்டாம் மாடி, நான் தரைத்தளம். இருபத்தேழு வருடமாக ஒரே கட்டடத்தில் இருக்கிறோம். வாளியை அவள் கீழே வைக்கும் சத்தத்தை வைத்தே இன்றைக்குக் கோபம் கடுமையா, லேசா என்று சொல்லிவிடுவேன். கடைசி மூன்று வருடமாக அந்த வாளி ஓயவே இல்லை. எதனால் என்று எழுதிவைக்க வேண்டும் போலிருக்கிறது. நான் எழுத்தாளன் இல்லை. ஓபர்ஹார்ட் ஊருக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவே பேருந்து ஓட்டுகிறவன். ஆனால் வயிறு எரிந்தால் ஓட்டுநரும் எழுதலாம்.

பதினாறு வயதில் அவள் எங்கள் ஊர் பனியன் ஆலையில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். முப்பத்தாறு வருடம் கழித்துத்தான் எழுந்தாள். அவளாக எழவில்லை, ஆலை எழுந்து போய்விட்டது. முதலில் போர்ச்சுகலுக்கு, பிறகு ஆசியாவுக்கு. கூலி குறைவான இடம் தேடி ஆலை எல்லை தாண்டியபோது, ஏன் போகிறாய் என்று யாரும் அதை மேஜைக்கு எதிரே உட்காரவைத்து விசாரிக்கவில்லை. அதன்பிறகு பள்ளிக்கூடச் சமையலறையில் பத்து வருடம் பாத்திரம் கழுவினாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்கும் தைரியம் ஊரில் எவருக்கும் இருந்ததில்லை.

தெற்கு ஜெர்மனியில் எங்கள் ஸ்வாபிய மலைப்பக்கத்து ஆட்களுக்கு உழைப்புதான் முதல் சாமி, தேவாலயத்தில் இருப்பவர் அடுத்துத்தான். சவ அடக்கத்துக்குப் போனால்கூட நல்ல மனுஷன் போய்விட்டான் என்று சொல்ல மாட்டோம், நல்ல உழைப்பாளி போய்விட்டான் என்போம். ஒவ்வொரு கட்டடத்திலும் ஒரு சின்ன மரப்பலகை உண்டு. அது எந்த வீட்டுக் கதவில் தொங்குகிறதோ, அந்த வாரம் படிக்கட்டும் வாசல் நடைபாதையும் குப்பைத்தொட்டி வைக்கும் இடமும் அந்த வீட்டுப் பொறுப்பு. கூட்டுகிற முறை என்றுதான் அதற்குப் பெயர். முறை தவறியவனோடு பக்கத்து வீட்டுக்காரர் பத்து வருடம் பேசாமல் இருந்ததை எல்லாம் பார்த்திருக்கிறேன். எங்கள் கட்டடத்தில் அந்தப் பலகைக்கு எழுதப்படாத அதிகாரி ரோஸ்விதா.

2015 இலையுதிர் காலத்தில், அவள் வீட்டுக்கு எதிர்வீடு காலியாகக் கிடந்ததால் ஊராட்சி அதை வாடகைக்கு எடுத்து நான்கு பேரைக் குடிவைத்தது. நால்வரும் மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியாவிலிருந்து வந்த இளைஞர்கள். மூன்றாம் மாடித் தம்பதி அன்றைக்கே என் கதவைத் தட்டி, எர்வின், இனிமேல் படிக்கட்டை யார் கூட்டுவார்கள் என்று கேட்டார்கள். கடல் தாண்டி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்து இவர்களுக்குத் தோன்றிய முதல் கவலை அதுதான். உண்மையைச் சொன்னால், எனக்கும் அதுதான் தோன்றியது.

ரோஸ்விதாவுக்கு மட்டும் அதில் குழப்பமே இல்லை. சனிக்கிழமை வந்ததும் பலகையைக் கொண்டுபோய் அவர்கள் கதவில் மாட்டிவிட்டாள். கதவைத் திறந்தவன் கெப்பா சன்யாங், இருபத்து நான்கு வயது, நெட்டையன். பலகையைப் பார்த்து ஏதோ பரிசு என்று நினைத்து நன்றி சொன்னானாம். துடைப்பத்தை அவன் கையில் கொடுத்து, மேல்படியில் தொடங்கிக் கீழே வரும்வரை பின்னாலேயே வந்து, மூலைகளில் விரலால் தடவிப் பார்த்து, மறுபடி கூட்டச் சொன்னாள். மூன்றாவது முறை அவன் முகம் சுளிக்காமல் கூட்டியதும் ஆப்பிள் கேக் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவன் அவளை அம்மா என்றுதான் கூப்பிட்டான். அவர்கள் ஊரில் மூத்த பெண்ணைப் பேர் சொல்லி அழைத்தால் கன்னத்தில் விழுமாம்.

அவனிடம் அவளுக்குப் பிடிக்காதது ஒன்றுதான், அவன் நடை. பாதத்தை முழுதாக ஊன்றாமல் ஓரத்தில் தாங்கி, கொஞ்சம் ஆடி நடப்பான். ஊரில் அதற்கு அர்த்தம் கற்பிக்க ஆள் வேண்டுமா? பார், ராஜா உலாப் போகிறார், அவசரமே கிடையாது, நம் வரிப்பணம்தானே என்பார்கள். ரோஸ்விதாவும் நிமிர்ந்து நேராக நட என்று அவனை அடிக்கடி அதட்டுவாள். அவன் சிரித்துக்கொண்டே, சரிம்மா என்பான்.

அகதி அலுவலகத்தில் விசாரணைக்கு வரச் சொல்லி 2016 வசந்தத்தில் அவனுக்குக் கடிதம் வந்தது. அந்த ஒரு விசாரணையில் அவன் சொல்வதை வைத்துத்தான் இருப்பதா, போவதா என்பது முடிவாகும். ரோஸ்விதா அவனைச் சும்மா அனுப்புவாளா? தன் சமையலறையில் உட்காரவைத்து மூன்று நாள் பயிற்சி கொடுத்தாள். குழாயில் தண்ணீர் சொட்டுகிறது என்று கூப்பிட்டதால் நானும் அங்கே தரையில் படுத்துக் குழாயை முறுக்கிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வார்த்தையும் என் காதில் விழுந்தது.

"அங்க என்னைப் பதினோரு நாள் வச்சிருந்தாங்கம்மா," என்று தொடங்கினான் கெப்பா. "நான் நாற்காலி வாடகைக்கு விடுற ஆளு..."

"அந்தக் கதை எல்லாம் வேண்டாம்," என்றாள் ரோஸ்விதா. "முடிஞ்சது முடிஞ்சது. இந்த ஊர்ல புலம்புறவனைக் கண்டா யாருக்கும் பிடிக்காது. நான்தான் அந்த அதிகாரின்னு வச்சுக்கோ. நீ எதுக்கு ஜெர்மனிக்கு வந்தே?"

"வேலை செய்யம்மா."

"கீழ பாத்துச் சொல்லாதே. என் கண்ணைப் பாத்துச் சொல்லு."

"வேலை செய்ய வந்தேன். உழைச்சு மரியாதையா வாழ வந்தேன்."

"அவ்வளவுதான். உழைக்கிறவனை இந்த ஊர்ல யாரும் வெளியே போன்னு சொல்ல மாட்டாங்க. எர்வின், நான் சொல்றது சரிதானே?"

தொட்டிக்கு அடியில் இருந்தபடியே சரிதான் என்றேன். இன்றைக்கும் அந்தச் சமையலறையைத் தாண்டும்போது என் நாக்கை நானே கடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. எங்கள் இரண்டு பேருக்கும் நிஜமாகவே தெரியாது. எங்களுக்குத் தெரிந்த உலகத்தில் அதைவிட நல்ல பதில் கிடையாது. வேறு எந்த ஊர்க்காரியும் அவனை உட்காரவைத்து, உனக்கு என்ன நடந்தது என்று கேட்டிருப்பாள். நாங்கள் மட்டும்தான், உனக்கு என்ன வேலை தெரியும் என்று கேட்போம்.

விசாரணைக்குப் போட்டுப்போக அவனிடம் நல்ல சட்டை இல்லை, ரோஸ்விதா தானே ஒரு சட்டையின் கையைப் பிரித்து நீளமாக்கிக் கொடுத்தாள். போனான், சொல்லிக்கொடுத்தபடியே சொன்னான், சந்தோஷமாகத் திரும்பி வந்தான். அந்த அதிகாரி சிரித்த முகத்தோடு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாராம். குறிக்காமல் என்ன? இதைவிடச் சுலபமான வேலை அவருக்கு அந்த மாதம் அமைந்திருக்காது.

முடிவு வர எட்டு மாதம் ஆனது. அதற்குள் கெப்பா கூரை வேய்கிற ரோல்ஃப் மவுட்டேயிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தான். மவுட்டே வெளிநாட்டவர் எல்லோரையும் திருப்பி அனுப்பு என்று சொல்லும் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர், அதை மறைக்கவும் மாட்டார். ஆனால் ஓடு ஏற்ற ஆள் கிடைக்காமல் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தவர் அவர்தான். ஒரு மாதத்திலேயே, கெப்பா மட்டும் இருக்கட்டும், மத்தவங்களை அனுப்பினா போதும் என்று மதுக்கடையில் சொல்ல ஆரம்பித்தார். ஒவ்வொருவருக்கும் அப்படி ஒருவன் இருந்தான். எல்லோருடைய ஒருவனையும் கூட்டிப் பார்த்தால் அனுப்புவதற்கு யாரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

கடிதத்தை ரோஸ்விதா என்னிடம் கொண்டுவந்து நீட்டினாள். தனக்குப் புரிந்தது தப்பாக இருக்க வேண்டும், நீ வாசி என்றாள். வாசித்தேன். விண்ணப்பதாரர் வேலை செய்யவும் நல்ல வாழ்க்கை வாழவும் வந்ததாகத் தம் வாயாலேயே கூறியுள்ளார், துன்புறுத்தப்பட்டதாக எதுவும் கூறவில்லை, ஆகவே இவர் அகதி அல்ல, விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. அவள் என் கையிலிருந்து காகிதத்தை வாங்கி ஒரு வரியின்மேல் விரலை வைத்தாள்.

"இது அவன் சொன்னது இல்ல, எர்வின். நான் சொன்னது."

அன்று மாலை அவள் அவனை உட்காரவைத்து, முதல் தடவையாக, அந்தப் பதினோரு நாள் என்ன என்று கேட்டாள். கல்யாணத்துக்கும் கூட்டத்துக்கும் பிளாஸ்டிக் நாற்காலியும் ஒலிபெருக்கியும் வாடகைக்கு விடுவது அவன் தொழில். எதிர்க்கட்சிக்காரர்கள் ஒரு கூட்டத்துக்கு அறுபது நாற்காலி எடுத்தார்கள். யாருக்குக் கொடுத்தாய், வேறு யார் வந்தார்கள் என்று கேட்டு உளவுத்துறை ஆட்கள் அவனை அள்ளிக்கொண்டு போனார்கள். பதினோரு நாளும் உள்ளங்காலில் கம்பியால் அடித்தார்கள். விட்டபோது அவன் தவழ்ந்துதான் வீட்டுக்குப் போனான். சாக்ஸைக் கழற்றிக் காட்டினானாம். ராஜா உலா என்று ஊர் சிரித்த நடைக்குக் காரணம் அங்கே இருந்தது. அன்றைக்கு ரோஸ்விதா படிக்கட்டைத் துடைத்தாள், மறுபடி துடைத்தாள், கீழே என் கதவுவரை வந்து, தட்டாமல் திரும்பி மேலே போனாள்.

வக்கீல் வைத்து மேல்முறையீடு செய்தார்கள். நீதிமன்றத்தில் தேதி கிடைக்க இரண்டு வருடம் ஆனது. அந்த இரண்டு வருடமும் அந்தக் காலை வைத்துக்கொண்டு அவன் கூரைமேல் நின்றான். எங்கள் தேவாலயத்தின் வடக்குப் பக்கக் கூரை ஒழுகாமல் இருப்பது அவனால்தான், அவன் முஸ்லிம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஊர்க்காரர்கள் அடியில் நின்று அண்ணாந்து பார்த்து, பரவாயில்லையே, வேலைக்காரன்தான் என்றார்கள்.

2018 நவம்பரில் வழக்கு வந்தது. நான் விடுப்புப் போட்டு இருவரையும் என் காரில் கூட்டிக்கொண்டு போனேன். நீதிபதி தன்மையான மனிதர், குரலை உயர்த்தவே இல்லை. பதினோரு நாள் கதையை முதல் விசாரணையில் ஏன் சொல்லவில்லை என்று கெப்பாவைக் கேட்டார். அவன் ரோஸ்விதாவைத் திரும்பிப் பார்த்தான். அவளைக் காட்டிக்கொடுக்க அவனுக்கு மனசு வரவில்லை. தன் உயிர் ஊசலாடும்போதும் அந்த மடையன் அவளுக்கு மரியாதை காட்டிக்கொண்டிருந்தான். அவளே எழுந்து கூண்டுக்குப் போனாள்.

"சொல்லாதேன்னு நான்தான் சொன்னேன்," என்றாள். "அவன் சொல்ல வந்தான். நான் வாயை அடைச்சேன். வேலைன்னு சொல்லுன்னு மூணு நாள் பழக்கினேன். தப்பு என்னோடது, அவன் தலையில எழுதாதீங்க."

நீதிபதி அதையும் மரியாதையாகக் குறித்துக்கொண்டார். நான் சாட்சி சொல்லட்டுமா, நானும் அங்கே இருந்தேன் என்று எழுந்தேன். தேவையில்லை, அம்மையார் சொன்னதே போதும் என்றார். காரில் திரும்பும்போது ரோஸ்விதாவின் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. உண்மையைச் சொல்லியாகிவிட்டது, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று அவள் நம்பினாள். நானும் நம்பினேன்.

தீர்ப்பு தபாலில் வந்தது. சாட்சி மனுதாரரிடம் தாய்போல் பாசம் வைத்திருப்பதால் அவர் சொல்வதை அப்படியே ஏற்க முடியாதாம். உண்மையிலேயே சித்திரவதைப்பட்ட ஒருவர் அண்டை வீட்டுப் பெண்ணின் யோசனைக்காக அதை மறைப்பார் என்பது வாழ்க்கை அனுபவத்துக்குப் பொருந்தவில்லையாம். யாருடைய வாழ்க்கை அனுபவம்? கம்பியடி பட்டு, மொழி தெரியாத ஊரில், கேக் வெட்டிக் கொடுத்த ஒரே மனுஷியின் பேச்சைக் கேட்காமல் வேறு யார் பேச்சைக் கேட்பான்? காலில் இருந்த தழும்பு கூரை வேலையில்கூட ஏற்பட்டிருக்கலாம் என்றும் ஒரு வரி இருந்தது. கடைசியாக, அந்த நாட்டில் இப்போது ஆட்சி மாறிவிட்டது, பயமில்லை என்று முடித்திருந்தார்கள். கெப்பா அதைக் கேட்டு ஒன்றே ஒன்று சொன்னான். அவனை அடித்தவர்களில் ஒருவன் இன்னும் அதே தெருவில்தான் இருக்கிறானாம், சீருடை மட்டும் புதிதாம்.

அடுத்து நடந்ததுதான் என்னால் பொறுக்க முடியாதது. அகதி இல்லை என்று ஆனதும், அவன் அடையாளத் தாளில் ஒரு முத்திரை குத்தினார்கள். வேலை செய்ய அனுமதி இல்லை. மவுட்டே தொலைபேசியைத் தூக்கி, மாவட்ட அலுவலகத்தில் யார் யாரையோ வாய்க்கு வந்தபடி திட்டினார். பாதி வேய்ந்த கூரை அங்கே நிற்கிறது, ஆள் இங்கே சும்மா உட்கார்ந்திருக்கிறான், இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டார். விதி என்றார்கள். வேலைக்கு வந்தேன் என்று சொன்னதற்காக வெளியே போகச் சொன்னவனை, போகும்வரை வேலை செய்யக் கூடாது என்றும் சொன்னார்கள்.

எட்டு மாதம் அவன் சும்மா இருந்தான். வீட்டுச் சுவரைப் பார்த்துப் பார்த்துப் பைத்தியம் பிடிக்கும் போலிருந்ததால் சந்தைத் திடல் பேருந்து நிறுத்தத்தில் வந்து உட்காருவான். ஒரு நாளைக்கு ஒன்பது முறை நான் அவனைக் கடந்து போனேன். ஊர் வாரப் பத்திரிகையில் ஒரு வாசகர் கடிதம் வந்தது. வாட்டசாட்டமான இளைஞர்கள் பட்டப்பகலில் நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், இவர்களுக்கு வேலை செய்ய வலிக்கிறதா என்று. எழுதியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். அவர் வீட்டுக் கூரையைச் சரிசெய்ததும் கெப்பாதான். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் அவன் நிறுத்தத்துக் குப்பையைக் கூட்டினான். இவனுக்கு இதைச் செய்ய அனுமதி உண்டா என்று யாரோ அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்டார்களாம். உழைத்தால் பிழைக்க வந்தவன், உட்கார்ந்தால் சோம்பேறி. நிற்பதற்கு ஒரு இடம் சொல்லுங்களடா என்று கத்த வேண்டும் போலிருந்தது. நான் கத்தவில்லை, பேருந்தின் கதவை மூடி அடுத்த நிறுத்தத்துக்குப் போனேன்.

2019 ஜூலையில் அடையாளத் தாளைப் புதுப்பிக்க மாவட்ட அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். காலை பத்து மணிக்கு, சொன்ன நேரத்துக்குப் போனான். பக்கத்து அறையில் இரண்டு போலீஸ்காரர்கள் காத்திருந்தார்கள். செய்தி தெரிந்ததும் ரோஸ்விதா அவன் துணிகளைப் பையில் அடுக்கி எடுத்துக்கொண்டு அடுத்த பேருந்தில், என் பேருந்தில்தான், ஓடினாள். விமான நிலையத்துக்கு ஏற்கெனவே கொண்டுபோய்விட்டார்கள் என்று அலுவலக ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் சொன்னாள். பையைத் தபாலில் அனுப்பலாம், முகவரி இருந்தால் என்றும் சொன்னாள். இப்போது அவன் காம்பியாவில், தன் ஊருக்குப் பக்கத்து ஊரில் ஒரு உறவினர் வீட்டில் ஒளிந்திருக்கிறான். பழைய தெருவுக்குப் போவதில்லை.

அந்த அக்டோபரில் ஊர்க் கூட்டம் நடந்தது. பள்ளி உடற்பயிற்சிக் கூடம் நிறைந்திருந்தது. மேயர் அருகில் மாவட்டத்திலிருந்து வந்த ஒரு அதிகாரி, நல்ல கோட்டு, நல்ல தலைவாரல். முதலில் அகதிகள் விஷயம். நிஜமாகத் துன்பப்பட்டவர்களுக்கு இங்கே எப்போதும் கதவு திறந்திருக்கும், ஆனால் பிழைப்புக்காக வருகிறவர்கள் அகதிச் சட்டத்தைப் பயன்படுத்துவதை ஏற்க முடியாது, இந்த வருடம் பலரைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம் என்றார் அதிகாரி. கைதட்டினார்கள். பிறகு தொழில் விஷயம். மவுட்டே எழுந்து, என்னிடம் ஆறு கூரை பாதியில் நிற்கிறது, ஆள் எங்கே என்று கேட்டார். அதிகாரி முகம் மலர்ந்தார். கவலை வேண்டாம், அடுத்த மாதம் எங்கள் குழு விமானம் ஏறி வெளிநாடு போகிறது, வேலை செய்ய விருப்பமுள்ள இளைஞர்களைத் தேர்ந்தெடுத்துக் கொண்டுவரப்போகிறோம், அவர்களுக்கு மொழிப் பயிற்சியும் கொடுப்போம் என்றார். அதற்கும் கைதட்டினார்கள். அதே கைகள்.

ரோஸ்விதா எழுந்தாள். அறுபத்தாறு வருடத்தில் அவள் ஒரு கூட்டத்திலும் பேசியதில்லை. ஒலிவாங்கியைக் கொண்டுவந்தார்கள், வாங்கிக்கொள்ளவில்லை.

"அங்க போய் அவங்ககிட்ட என்ன கேப்பீங்க? எதுக்கு ஜெர்மனிக்கு வர்றேன்னுதானே?"

ஆமாம், உந்துதல் என்ன என்று கட்டாயம் கேட்போம் என்றார் அதிகாரி.

"வேலை செய்ய, உழைச்சு மரியாதையா வாழன்னு ஒருத்தன் சொன்னா?"

அப்படிப்பட்டவர்கள்தான் எங்களுக்கு வேண்டும் என்றார் அவர். அவருக்கு அவள் யாரென்று தெரியாது. கூடத்தில் இருந்த மற்ற எல்லோருக்கும் தெரியும். மவுட்டே தரையைப் பார்த்தார். மேயர் குறுக்கிட்டு, பிட்ஸர் அம்மா, அது வேறு சட்டம், இது வேறு சட்டம், இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது என்று இதமாகச் சொன்னார்.

"எனக்குச் சட்டம் தெரியாது," என்றாள் ரோஸ்விதா. "முப்பத்தாறு வருஷம் பனியன் தைச்சேன், எல்லாம் பிழைப்புக்குத்தான். உழைக்கிறவனை இந்த ஊர்ல யாரும் வெளியே போன்னு சொல்ல மாட்டாங்கன்னு ஒரு பையனுக்குச் சொன்னேன். அவன் நம்பினான். நான் பொய் சொல்றவ இல்லன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். என் வாழ்க்கையில நான் சொன்ன பொய் அது ஒண்ணுதான், அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது நீங்க."

யாரும் கைதட்டவில்லை. நானும் தட்டவில்லை, அவமானத்தில் கை எழவில்லை. அவள் உட்காரும்வரை மேயர் காத்திருந்தார். பிறகு கையிலிருந்த தாளைப் பார்த்து, அடுத்தது நீச்சல் குளத்துக்கு எதிரே கார் நிறுத்தும் இடம் என்றார். உடனே ஏழெட்டுப் பேர் கை தூக்கினார்கள்.